கை நீட்டாதவரின் ஹெட்லைட்

என் வீட்டுப் பரணில் ஒரு ஜோடி கார் ஹெட்லைட் இருக்கிறது. அட்டைப்பெட்டி, உள்ளே தெர்மாகோல், அதற்குள் பளிச்சென்று இரண்டு புது லைட்டு. எனக்குக் கார் கிடையாது. ஓட்டவும் தெரியாது. ஒவ்வொரு பொங்கலுக்கும் வீட்டை ஒழிக்கும்போது என் வீட்டுக்காரர் அந்தப் பெட்டியை இறக்கி, இதை எடைக்குப் போட்டுவிடலாமா என்று கேட்பார். வேண்டாம் என்பேன். ஏன் என்று கேட்டால் எனக்குக் கோபம் வரும். அந்தக் கோபம் தன் மேல் இல்லை என்று அவருக்கும் தெரியும். பேசாமல் மறுபடியும் மேலே ஏற்றிவிடுவார்.

கோபமெல்லாம் எங்கள் கிளார்க் சார் மேல்தான். அவர் மாறுதலில் வேறு மாவட்டம் போய் நான்கு வருஷம் ஆகிறது. எனக்கு இன்னும் ஆறவில்லை.

கொட்டாம்பட்டிப் பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளி. நான் அங்கே இங்கிலீஷ் டீச்சர், அவர் ஆபீஸ் கிளார்க். சம்பள பில், இன்கிரிமென்ட், பி.எப். லோன், மெடிக்கல் லீவு என்று எங்கள் எல்லாருடைய குடுமியும் அவர் கையில் இருந்தது. அப்படி ஒரு நாற்காலியில் இருப்பவரை யாரும் சும்மா விட மாட்டார்கள். ஃபைல் நகர்ந்தால் ஒரு டீ, கையெழுத்தானால் ஒரு ஸ்வீட் பாக்ஸ், அரியர் வந்தால் வெற்றிலை பாக்கோடு ஒரு வேட்டி. இவரிடம் அது எதுவும் நடக்காது. டீயைக்கூட வீட்டிலிருந்து பிளாஸ்கில் கொண்டுவருவார். யாராவது பிரமோஷன் என்று லட்டு நீட்டினால், ரொம்ப சந்தோஷம் என்று வாங்கி, அதே கையோடு வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டு அடுத்த பேப்பரைப் புரட்டுவார்.

என் ஊக்க ஊதிய ஃபைல் எங்கேயோ மாட்டிக்கொண்டு வருஷக்கணக்கில் கிடந்தது. அவர் வந்த மூன்றாவது வாரத்தில் அதைத் தேடிப்பிடித்து முடித்துக் கொடுத்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை. கடைக்குப் போய் ஒரு சட்டைத்துணி எடுத்துக்கொண்டு வந்து மேஜையில் வைத்தேன். தொடவில்லை. கெஞ்சினேன். அப்போதுதான் அவர் தன்னைப் பற்றி ஒரே ஒரு தடவை வாய் திறந்தார்.

"ஒருத்தருகிட்ட ஒரு டீ குடிச்சிட்டா, அடுத்த தடவ அவுக ஃபைலத் தொடுறப்ப கை கூசுது டீச்சர். எனக்கு அந்தக் கூச்சம் ஆகாது."

இப்படியும் ஒரு மனுஷரா என்று பெருமையோடு வீட்டுக்கு வந்து எல்லாரிடமும் சொன்னேன். அந்தச் சட்டைத்துணியை என் தம்பிக்குக் கொடுத்தேன். இதில் மற்றவர்களுக்கு என்ன கஷ்டம் இருக்க முடியும் என்றுதான் அப்போது தோன்றியது. அவரிடம் ஃபைல் கொடுத்தவர்களுக்கு ஒரு கஷ்டமும் இல்லை. அவர் காரில் ஏறியவர்களைக் கேட்டால் தெரியும்.

நான் ஏறியது என் கணுக்கால் பிசகிய வருஷம். பழங்காநத்தம் ஸ்டாப்பில் கட்டுப் போட்ட காலோடு நின்றுகொண்டிருந்தேன். திருநகரிலிருந்து வந்த ஒரு வெள்ளைக் கார் பக்கத்தில் நின்றது. பதினாறு வயசான சின்னக் கார், எத்தனையாவது கையோ தெரியாது. முன்சீட்டில் எங்கள் பி.டி. சார், பின்னால் கணக்கு டீச்சர். ஏறுங்க என்றார். அந்தக் கால் சரியாகி இரண்டு வருஷம் ஆன பிறகும் நான் அதில்தான் போய் வந்துகொண்டிருந்தேன்.

பெட்ரோலுக்கு ஒரு பைசா வாங்க மாட்டார். மூன்று பேரும் சேர்ந்து ஒரு கவரில் போட்டு, பி.டி. சார் அதை டேஷ்போர்டுக்குள் வைத்தார். மறுநாள் காலையில் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடப் போனால், கவர் என் பெயர் இருக்கும் பக்கத்தில் செருகியிருந்தது. சரி, பங்க்கில் வைத்து நாமே கொடுத்துவிடலாம் என்று பார்த்தால், எங்களை ஏற்றுவதற்கு முன்பே திருநகரில் நிரப்பிக்கொண்டு வந்துவிடுவார். தீபாவளிக்கு ஒரு தூக்குவாளி நிறைய அதிரசம் கொடுத்தனுப்பினேன். அவர் மனைவி வாங்கிவிட்டார்கள் போலிருக்கிறது. மூன்றாம் நாள் வாளி திரும்பி வந்தது, விளிம்புவரை சீனியோடு. பாத்திரத்தை வெறுமனே திருப்பக் கூடாதாம். அந்தச் சீனியைக் கரைக்க எனக்கு இரண்டு மாசம் ஆனது.

ஓசியில் போகிறவளுக்கு வாய் கிடையாது. இதை நான் அந்தக் காரில்தான் கற்றுக்கொண்டேன். ஏ.சி. வேலை செய்யாது. சித்திரை வெயிலில் முதுகு சீட்டோடு ஒட்டிக்கொள்ளும். பின்கதவு உள்ளிருந்து திறக்காது. அவர் இறங்கி வந்து திறந்துவிட வேண்டும். நாங்கள் பரவாயில்லை சார், பரவாயில்லை சார் என்று இரண்டு வருஷமும் பல்லைக் காட்டினோம். எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டேன். அந்த ஹெட்லைட்டை மட்டும் பொறுக்க முடியவில்லை.

காமாலை வந்த கண் மாதிரி இருக்கும். பிளாஸ்டிக் முழுக்க மஞ்சள் பூத்து, உள்ளே பல்பு இருப்பதே தெரியாது. பகலில் அதைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை. ஐப்பசி பிறந்தால் பிளஸ் டூவுக்குச் சிறப்பு வகுப்பு ஆரம்பமாகும், ஆபீசும் ஆறு மணிவரை இருக்கும். கொட்டாம்பட்டியில் கார் கிளம்பும்போதே இருட்டிவிடும். அவர் லைட்டைப் போடுவார். காருக்கு முன்னால் யாரோ ஒரு சொம்பு மஞ்சள் தண்ணீரைக் கொட்டியது போல நாலடிக்கு ஏதோ தெரியும். அதற்கப்பால் நான்குவழிச் சாலை முழுக்கக் கும்மிருட்டு. அந்த லட்சணத்திலும் லைட்டின் நடுவில் சட்டப்படி ஒட்ட வேண்டிய கறுப்புப் பொட்டு ஒழுங்காக ஒட்டியிருக்கும். அதில் குறை சொல்லவே முடியாது.

பி.டி. சார் ஒருநாள் மெதுவாக ஆரம்பித்தார். புதுசே மாட்டிவிடலாமே சார் என்றார். கிளார்க் சார் சிரித்தார். மேலேதானே அழுக்கு, தேய்த்தால் வந்துவிடும், இதற்குப் போய் எதற்குப் புதுசு என்றார்.

கஞ்சன் என்று திட்டிவிட்டால் மனசு ஆறும். அதற்கும் வழி இல்லை. மூன்று பேருக்குச் சும்மா பெட்ரோல் போடுகிறவரை எந்த வாயால் கஞ்சன் என்பது? எங்கள் பங்கை மூன்று மாசம் வாங்கியிருந்தாலே அவர் புது லைட்டு வாங்கியிருக்கலாம். வாங்க மாட்டார். அதனால் கையில் காசு நிற்காது. காசு நிற்காததால் தேய்ப்பார். இதை நினைத்து நினைத்து நான் கிளாஸில் பிள்ளைகள் மேல் எரிந்து விழுந்திருக்கிறேன்.

முதலில் பற்பசை. ஒரு திங்கள்கிழமை காலையில் கார் முழுக்கப் பல் தேய்த்த வாசனை. ஞாயிறு பூராவும் உட்கார்ந்து பழைய பனியன் துணியால் தேய்த்தாராம். வெள்ளைப் பற்பசைதான் சரிப்படும், ஜெல் ஆகாது என்று மேலூர் வரை விளக்கினார். உண்மையிலேயே பளிச்சென்று ஆகியிருந்தது. நாங்களும் கைதட்டாத குறையாகப் பாராட்டினோம். இரண்டே வாரம். பழையபடி மஞ்சள்.

அடுத்தது உப்புத்தாள். மதிய இடைவேளையில் எங்கள் பள்ளி வேப்பமரத்தடியில் காரை நிறுத்தி, ஒரு மக் தண்ணீரும் ஸ்டூலுமாக உட்கார்ந்துவிடுவார். போனில் பார்த்து வைத்த வரிசைப்படி முதலில் சொரசொரப்பான தாள், அப்புறம் நைசு, அப்புறம் அதைவிட நைசு. லைட்டைச் சுற்றிப் பெயிண்டில் படாமல் டேப் ஒட்டி, குழந்தைக்கு முகம் கழுவுவது போல அவ்வளவு பொறுமையாகத் தேய்ப்பார். அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும், அந்த வேலையில் ஒரு பிசிறு இருக்காது. லைட்டு முதலில் பால் மாதிரி வெளுத்து, பாலிஷ் போட்டதும் கண்ணாடியாகிவிட்டது. எங்களுக்கு நிம்மதி. ஒரு மாசத்தில் முன்னைவிட மோசமாக மஞ்சளேறியது. ஊரில் மெக்கானிக் பி.டி. சாரிடம் சொன்னாராம், வெயில் படாமல் காக்கிற பூச்சு ஒன்று கம்பெனியிலேயே போட்டிருப்பான், அதையும் சேர்த்துத் தேய்த்து எடுத்துவிட்டார், இனி தேய்க்கத் தேய்க்கச் சீக்கிரம் பழுக்கும் என்று.

அதற்கும் அவர் அசரவில்லை. பூச்சுதானே, நாமே பூசிவிடலாம் என்று மரச்சாமானுக்கு அடிக்கிற வார்னிஷைப் பூசினார். பங்குனி வெயிலில் அது வெங்காயச் சருகு மாதிரி உரிந்து வந்தது. அதையும் உட்கார்ந்து தேய்த்தார். நான் ஸ்டாஃப் ரூம் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எழுந்து போய் அந்த மக்கைப் பிடுங்கி எறிய வேண்டும் போல இருந்தது. இந்தக் காலுக்காக வண்டியை நிறுத்தியவர் என்ற நினைப்பு வந்து என்னை உட்கார வைத்துவிடும்.

மறு வருஷம் ஐப்பசி மழையில் அது நடந்தது. மேலூர் தாண்டி நாலைந்து கிலோமீட்டர் இருக்கும். தூறல். அன்றைக்கு எங்களுக்கு முன்னால் பஸ்ஸோ வேறு வண்டியோ எதுவும் இல்லை. திடீரென்று பி.டி. சார் "சார், சார்" என்றார். பிரேக் அடித்த வேகத்தில் நானும் கணக்கு டீச்சரும் முன்சீட்டில் போய் மோதினோம். கண்ணாடிக்கு நேராகக் கரும்பு. பின்னால் விளக்கே இல்லாத டிராக்டர், ரோட்டோடு ரோடாகப் போய்க்கொண்டிருந்தது. நீட்டிக்கொண்டிருந்த கரும்பு நுனிக்கும் எங்கள் பேனட்டுக்கும் நடுவே ஒரு சாண்கூட இல்லை. கணக்கு டீச்சர் அழுதுவிட்டார். என் பையன் அப்போது ஐந்தாவது படித்துக்கொண்டிருந்தான். எனக்கு அவன் முகம்தான் வந்தது. கிளார்க் சார் இறங்கி, டிராக்டர்காரரைச் சத்தம் போட்டுவிட்டு வந்து, நல்லவேளை பிரேக் நன்றாகப் பிடித்தது என்றார். போன வாரம்தான் பிரேக்கை அவரே கழற்றிச் சுத்தம் செய்தாராம்.

அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். டவுனில் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் ஒரு ஜோடி வாங்கினேன். கம்பெனிச் சரக்கு இல்லை, அதைப் போலவே இருக்கும் மலிவுச் சரக்கு. பி.டி. சார் பஞ்சர் பார்க்க வேண்டும் என்று சாவி வாங்கிக்கொண்டு போய், கொட்டாம்பட்டி மெக்கானிக்கை வைத்து மாட்டிக்கொண்டு வந்தார். பழசை, புதுசு வந்த அட்டைப்பெட்டியோடு டிக்கியில் போட்டார். கறுப்புப் பொட்டையும் ஒட்டினார். மூன்று பேரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி வாயைப் பொத்திக்கொண்டு சாயங்காலத்துக்காகக் காத்திருந்தோம்.

அவர் லைட்டைப் போட்டார். ரோடு வெள்ளையாக விரிந்தது. நடுவில் இருக்கும் அரளிச் செடிகளில் பூ இருப்பதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். தூரத்தில் நாய் ஓடியது தெரிந்தது. மைல்கல்லில் எழுத்துத் தெரிந்தது. பழங்காநத்தத்தில் அவர் கதவைத் திறந்துவிட்டு, வாரேன் டீச்சர் என்றார். அவ்வளவுதான். ஏற்றுக்கொண்டார் என்று நினைத்து, அன்றைக்கு வீட்டில் பாயசம் வைத்தேன்.

மறுநாள் காலையில் கார் வந்து நின்றது. பழைய மஞ்சள் லைட்டு அதே இடத்தில் இருந்தது. பின்கதவைத் திறந்தார். என் சீட்டில் அந்த அட்டைப்பெட்டி.

"தொடச்சு வச்சிருக்கேன் டீச்சர். பில்லும் உள்ள இருக்கு. கடையில குடுத்தா எடுத்துக்கிருவான்."

குரலில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பி.டி. சார் ரோட்டைப் பார்த்தார், கணக்கு டீச்சர் ஜன்னலைப் பார்த்தார். மாட்டுத்தாவணி வரைக்கும் என்னால் அடக்க முடிந்தது. அப்புறம் முடியவில்லை.

"எங்ககிட்ட ஒரு வா தண்ணி வாங்க மாட்டீங்க சார், சரி. ஆனா தெனமும் சாயங்காலம் மூணு பேரு உசுர மட்டும் வாங்கிட்டுப் போறீங்களே, அது கை கூசலையா?"

வண்டி அதே வேகத்தில் போனது. மேலூர் நெருங்கும்போது அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"பயமா இருந்தா சாயங்காலம் பஸ்ஸுல வாங்க டீச்சர். நான் ஒண்ணும் தப்பா நெனைக்க மாட்டேன்."

எனக்கு அழுகையாக வந்தது. தப்பாக நினையுமேன் ஐயா என்று கத்த வேண்டும் போல இருந்தது.

அன்று மாலை வம்படியாகப் பஸ் ஸ்டாப்புக்கு நடந்தேன். மற்ற இருவரும் காரிலேயே ஏறிக்கொண்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, அவர்கள் ஃபைலும் அவர் மேஜையில்தான் இருந்தது. கார் ஸ்டாப்புக்கு அந்தப் பக்கம் டயர்க் கடை ஓரமாக எஞ்சினை நிறுத்திவிட்டு நின்றுகொண்டிருந்தது. நான் மனசு மாறி வந்து ஏறுவேன் என்று காத்திருக்கிறார் போல என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். மதுரை பஸ் வந்தது. ஏறி, டிரைவருக்குப் பின்னால் முதல் சீட்டில் உட்கார்ந்தேன். பஸ் கிளம்பியதும் கார் பின்னாலேயே கிளம்பியது.

மேலூரில் ஆள் ஏற்றிவிட்டால் அப்புறம் மாட்டுத்தாவணிதான், இடையில் நிறுத்தம் இல்லை. ரோடு காலியாகக் கிடந்தது. பஸ் என்னவோ கல்யாண ஊர்வலம் மாதிரி போனது. பின்சீட்டில் ஒருவர், இறங்கி நடந்தே போய்விடலாம் போலிருக்கிறதே என்று முனகினார். டிரைவர் அதைக் காதில் வாங்கவில்லை. பக்கக் கண்ணாடியை அடிக்கடி பார்த்துக்கொண்டே ஓட்டினார். ஏண்ணே இவ்வளவு மெதுவாகப் போகிறீர்கள் என்று நான் கேட்டேன்.

"பின்னாடி ஒருத்தரு வாராரு டீச்சரம்மா, மஞ்ச லைட்டு. நம்ம வண்டியோட பின் லைட்டப் பிடிச்சுக்கிட்டேதான் மதுர போவாரு. நான் வெரட்டிட்டா பாவம், இருட்டுல மாட்டிக்கிருவாரு."

அவர் உங்களிடம் கேட்டாரா என்றேன்.

"அவரு எங்க கேட்டாரு. ஆளு யாருன்னே எனக்குத் தெரியாது. மேலூரு வெளிச்சத்துல பாத்துருக்கேன், பொம்பளையாளுக உள்ள உக்காந்துருக்காக. ரெண்டு வருசமா வாராரு. போன மாசம் பின்னாடி பல்பு ஒண்ணு போயிருச்சு, அன்னைக்கே என் காச போட்டு வாங்கி மாட்டிட்டேன். நான் லீவு போடுற அன்னைக்குத்தான் மனசு கெடந்து அடிச்சுக்கிரும், அவரு என்ன பண்ணுறாரோன்னு."

கண்ணாடியில் எட்டிப் பார்த்தேன். தூரத்தில் இரண்டு மஞ்சள் புள்ளி, கூடவும் இல்லை, குறையவும் இல்லை, அதே தூரத்தில் வந்துகொண்டிருந்தது. கிளார்க் சார் மேலூரில் தினமும் ரோட்டோரம் நிறுத்தி பிளாஸ்கைத் திறப்பார், பாதி டீயில் மூடிவிட்டு அவசரமாகக் கிளம்புவார். அது இந்தப் பஸ்ஸுக்காக. எதற்கு எப்போதும் ஒரு பஸ்ஸின் முதுகைப் பார்த்துக்கொண்டே போகிறோம், முந்தத் தைரியம் இல்லாத மனுஷர் என்று நான் எத்தனை நாள் பல்லைக் கடித்திருக்கிறேன். பஸ்ஸுக்குப் பின்னால் போவது அவருக்குத் தெரியும். பஸ் அவருக்காகத் தன் வேகத்தைக் குறைத்துக்கொண்டு போவது தெரியாது. எங்களிடம் ஒரு லட்டு வாங்காதவர், பெயர் தெரியாத ஒரு டிரைவரிடம் இரண்டு வருஷமாகத் தினமும் முப்பது கிலோமீட்டர் வாங்கிக்கொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. எல்லாவற்றுக்கும் மேலே ஆத்திரம் வந்தது. பையில் மிச்சமிருந்த முறுக்கை டிரைவரிடம் நீட்டினேன். ஒரு கையால் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் வாங்கி வாயில் போட்டுக்கொண்டார்.

மாட்டுத்தாவணியில் இறங்கி வெளியே வந்தால் கார் நின்றுகொண்டிருந்தது. கிளார்க் சார் இறங்கிப் பின்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டிருந்தார்.

"பழங்காநத்தம் வரைக்கும் வாங்க டீச்சர். ஊருக்குள்ள தெருலைட்டு இருக்கு, பயமில்ல."

ஏறி உட்கார்ந்தேன். சொல்லிவிட வேண்டும் என்று நாக்கு நுனிவரை வந்தது. பெரியார் பஸ் ஸ்டாண்ட் தாண்டியும் வந்தது, என் ஸ்டாப்பில் இறங்கும்போதும் வந்தது. விழுங்கிவிட்டேன். அப்புறம் அவர் மாறுதலாகிப் போகும்வரை காலையில் அவர் காரிலும், மாலையில் அந்தப் பஸ்ஸிலும் வந்தேன். ஒருநாளும் சொல்லவில்லை. கூட வந்த இரண்டு பேரிடமும் மூச்சு விடவில்லை. சொல்லியிருந்தால், மறுநாள் சாயங்காலமே அந்த மஞ்சள் லைட்டைப் போட்டுக்கொண்டு பஸ்ஸை முந்திப் போயிருப்பார்.